கேஸ் போன கோமான்

சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோவில் அல்பெர்கேரியா என்றொரு பழைய பேட்டை இருக்கிறது. அரபுகள் ஆண்ட காலத்திலிருந்து தொண்டை கிழியக் கூவி விற்கும் பல்லாரோ சந்தை அதற்குள்தான். கத்தரிக்காய், வாள்மீன், மாட்டு மண்ணீரல், யாரோ போட்டுக் கழித்த ஷூ, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். பலெர்மோவில் ஈழத்து ஆட்கள் நிறையப் பேர் குடியேறியிருக்கிறார்கள். வேதக்காரர், சைவக்காரர் பேதமில்லாமல் பெல்லெக்ரினோ மலையேறி, ஊரின் காவல் தெய்வமான சாந்தா ரொசாலியாவைக் கும்பிட்டு வருகிறார்கள். ஆகவே இது ஏதோ கண்காணாத தேசத்துக் கதை என்று யாரும் தள்ளிவிட வேண்டாம்.

1743 ஜூன் 2 அன்று இந்த அல்பெர்கேரியாவில் ஜுசெப்பே பால்சமோ பிறந்தான். சோடாவில் கேஸ் ஏன் போகிறது என்று கேட்டால் இவன் ஜாதகத்தை எதற்கு எடுக்கிறாய் என்பீர்கள். காரணம் உண்டு. இவன் காலத்து ஐரோப்பாவில் இரண்டு விதத் தண்ணீர் விற்பனைக்கு வந்தது. ஒன்றில் சரக்கே கிடையாது. அதை வாங்க மேட்டுக்குடி முழுக்க வரிசையில் நின்றது. மற்றதில் நிஜமாகவே ஒரு சரக்கு இருந்தது. அதை உள்ளே நிறுத்திவைக்கத்தான் நூறு வருஷமாக ஒருத்தருக்கும் துப்பில்லை. முதல் தண்ணீரை விற்றவன் நம் பால்சமோ.

அப்பன் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் ஒரு வாய் குறையட்டும் என்று பையனைக் கல்தஜிரோனே ஊரில் நோயாளிகளைப் பராமரிக்கும் துறவிகளிடம் அனுப்பினார்கள். அங்கே மருந்து இடிக்கிற அறையில் எடுபிடி வேலை. எதை எதோடு கலந்தால் என்ன நிறம் வரும், எந்த நிறத்தைப் பார்த்தால் நோயாளி நம்புவான் என்கிற அரிச்சுவடி அங்கே படிந்தது. சாப்பாட்டு வேளையில் புனிதர்களின் பெயர்களை உரக்க வாசிப்பது மடத்து வழக்கம். அந்த முறை பையனுக்கு வந்தபோது, புனிதவதிகளின் பெயர்களுக்குப் பதிலாகப் பலெர்மோவின் பிரபல தாசிகளின் பெயர்களை வாசித்தான் என்று ஒரு கதை. துறவிகளுக்கு அந்தப் பெயர்கள் எப்படிப் பிடிபட்டன என்பதைக் கதை சொன்னவர்கள் யாரும் விசாரிக்கவில்லை. பையனை மட்டும் வெளியே அனுப்பினார்கள்.

ஊருக்குத் திரும்பியவன் மரானோ என்கிற பொற்கொல்லரைப் பிடித்தான். ஊருக்கு வெளியே ஒரு வயலில் புதையல் இருக்கிறது, பூதங்கள் காவல் காக்கின்றன, பூஜைச் செலவுக்கு 60 ஓன்ஸா தங்கம் வேண்டும் என்றான். மரானோ கொடுத்தார். நடுராத்திரியில் பூதங்கள் நிஜமாகவே வந்து அவரை மொத்து மொத்தென்று மொத்தின. பூதங்களுக்குக் கூலி பேசி கூட்டி வந்தவன் யார் என்பது மறுநாள் மரானோவுக்கு விளங்கியது. அவர் கத்தியைத் தீட்ட, பால்சமோ பலெர்மோவை விட்டே கிளம்பினான். நம்மூரில் புதையல் பூஜை போடுகிறவர்கள் இதைப் படித்தால், தங்கள் தொழில் இவ்வளவு தொன்மையானதா என்று நெஞ்சு நிமிர்த்திக்கொள்ளலாம்.

இந்தச் சமயத்தில், 1767இல், இங்கிலாந்தின் லீட்ஸ் ஊருக்கு ஜோசப் பிரீஸ்ட்லி என்ற பாதிரியார் குடிவந்தார். கிடைத்த வீடு பீர் காய்ச்சும் ஆலைக்குப் பக்கத்தில். நம்மூரில் ஒரு பாதிரியாருக்கு இப்படி வீடு அமைந்தால் சபையார் பேராயருக்கு மனு எழுதியிருப்பார்கள். பிரீஸ்ட்லி, சுவர் தாண்டி ஆலைக்குள்ளேயே போய்விட்டார். குடிக்க அல்ல, மோந்து பார்க்க. புளித்துப் பொங்கும் தொட்டிகளில் நுரைக்கு மேலே ஒரு சாண் உயரத்துக்கு ஏதோ ஒரு காற்று படுத்துக் கிடந்தது. எரிகிற மெழுகுவத்தியை உள்ளே இறக்கினால் பொசுக்கென்று அணைந்தது. ஸ்காட்லாந்து மருத்துவர் ஜோசப் பிளாக் ஏற்கெனவே ஆராய்ந்து வைத்திருந்த காற்றுதான் அது. நமக்குக் கரியமில வாயு. அந்தக் காற்றுக்குள் இரண்டு டம்ளர்களைப் பிடித்துக்கொண்டு, டீக்கடைக்காரர் மாதிரி தண்ணீரை இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் ஆற்றினார். குடித்துப் பார்த்தால் நாக்கில் சுருக்கென்றது. இப்படியாக ஒரு பாதிரியார் கையில், பீர் ஆலையில் செயற்கை சோடா பிறந்தது.

1772இல் இதைச் செய்யும் முறையை ஒரு சிறு புத்தகமாகப் போட்டார். காசு பார்க்கவில்லை, இந்தத் தண்ணீர் மாலுமிகளின் ஸ்கர்வி நோயைத் தீர்க்கும் என்று நம்பிக் கடற்படைக்குக் கொடுத்தார். கடலோடி ஜேம்ஸ் குக்கின் இரண்டாம் பயணத்துக்கான ஏற்பாடுகளில் இதைத் தயாரிக்கும் கருவிக்கும் இடம் கிடைத்தது. மறு வருஷம் ராயல் சொசைட்டி பிரீஸ்ட்லிக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. எல்லாம் சரி, ஸ்கர்விக்கும் சோடாவுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. அதற்கு வேண்டியது எலுமிச்சம்பழம். பிற்பாடு அதே கடற்படைக்கு எலுமிச்சையைக் கப்பல் கப்பலாக அனுப்பியது சிசிலி. மருந்து பல்லாரோ சந்தையில் கூறு கட்டிக் கிடந்த நாளில், விஞ்ஞானம் பீர் தொட்டிக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தது. ஆக, பால்சமோவின் தண்ணீரும் நோய் தீர்க்கவில்லை, பாதிரியாரின் தண்ணீரும் தீர்க்கவில்லை. ஒருவருக்குப் பதக்கம், ஒருவருக்குச் சிறை. எண்ணம் நல்லதாக இருந்தால் உலகம் இப்படிச் சில சலுகைகள் தரும்.

பிரீஸ்ட்லி தன் கருவியில் வாயுவைப் பிடித்துவைக்கப் பன்றியின் மூத்திரப்பையைப் பயன்படுத்தினார். ஜான் மெர்வின் நூத் என்ற டாக்டர், தண்ணீரில் அந்தப் பையின் பூர்வாசிரம வாடை அடிக்கிறது என்று அச்சிலேயே எழுதி, தானே கண்ணாடியில் ஒரு கருவி செய்தார். பாதிரியாருக்கு வந்ததே கோபம். ஆனால் வாடையைவிடப் பெரிய குறை வேறொன்று. திறந்த தொட்டியின் மேலே ஆற்றிய தண்ணீரில் ஏறுகிற வாயு கொஞ்சம்தான். சீறாது, லேசாகச் சிணுங்கும். சீற வைக்க வாயுவை அழுத்தித் திணிக்க வேண்டும். அதைச் செய்தவர் ஜெனீவாவில் நகையும் கடிகாரமுமாகப் பிழைத்துக்கொண்டிருந்த ஜெர்மானியர் யாக்கோப் ஷ்வெப். 1783இல் பம்பு வைத்து அழுத்திச் சோடா தயாரித்துக் கடை போட்டார்; 1792இல் லண்டனுக்குப் போனார். 'ஷ்வெப்ஸ்' என்று இன்றும் பாட்டிலில் இருப்பது அவர் பெயர்தான். கண்டுபிடித்த பாதிரியாருக்குப் பைசா தேறவில்லை.

திணித்தது ஏன் உள்ளேயே இருப்பதில்லை என்பதற்குக் கணக்குச் சொன்னவர் மான்செஸ்டர்காரர் வில்லியம் ஹென்றி. அவர் அப்பா தாமஸ் ஹென்றி மருந்துக்கடைக்காரர், சோடா தயாரித்து விற்றவர். சோடாக்கடைக்காரர் பிள்ளை 1803இல் அறிவித்த ஹென்றி விதி இதுதான்: நீரின் மேலே ஒரு வாயு எவ்வளவு அழுத்துகிறதோ, அந்த அளவுக்குத்தான் அது நீருக்குள் கரைந்து கிடக்கும். அழுத்தம் இரட்டித்தால் கரைவதும் இரட்டிக்கும். மூடியைத் திறந்தால் கணக்குத் தலைகீழ்.

எண்களில் பார்த்தால் விதியின் கொடுமை புரியும். 25 டிகிரி வெப்பத்தில், மேலே சுத்தமான கரியமில வாயு சாதாரணக் காற்றழுத்தத்தில் நின்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 1.5 கிராம் கரையும். கடையில் வாங்கும் கோலாவில் லிட்டருக்கு 6, 7 கிராம் வரை ஏற்றியிருக்கிறார்கள். அதனால்தான் வெளியில் வைத்த கேனுக்குள் அழுத்தம் ஊர்க் காற்றைப் போல் நான்கு மடங்குக்கு மேல். காலை எட்டு மணி டவுன் பஸ்ஸில் உள்ளே நிற்பவர்கள் விருப்பப்பட்டா ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள்? படியில் தொங்குகிறவர்கள் தள்ளுகிறார்கள், நிற்கிறார்கள். மூடியைத் திறந்ததும் தள்ளுகிற ஆள் போய்விட்டான். அதோடு விட்டதா? வெளியே இருக்கும் காற்றில் கரியமில வாயு வெறும் 0.04 சதவிகிதம். அந்தக் காற்றோடு சமாதானமாகப் போக வேண்டுமானால், லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தண்ணீருக்குள் தங்க முடியாது. ஆக, சோடா 'கெட்டு' ஒன்றும் போவதில்லை. வாங்கிய கடனை முழுசாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி தண்ணீராகிறது. நாம்தான் அதைத் துரோகம் என்கிறோம்.

எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் ஒரு வழக்கம். இரண்டு லிட்டர் பாட்டிலில் பாதி மிஞ்சினால், பெரியவர் ஒருவர் அதை நசுக்கி, உள்ளே காற்றே இல்லாதபடி மூடி இறுக்கி வைப்பார். இனிமேல் கேஸ் போகாது என்று அடித்துச் சொல்வார். நசுங்கிய பாட்டில் சும்மா இருக்குமா? பழைய உருவத்துக்கு விரியப் பார்க்கும். விரிகிற இடத்தையெல்லாம் நிரப்ப உள்ளிருந்தே வாயு கிளம்பி வரும். பெரியவர் கேஸ் போக வழிசெய்துவிட்டு, காவலுக்கு மூடியையும் போட்டு வைத்திருக்கிறார். பம்பு வைத்துக் காற்றடித்தாலும் அதே கதைதான்; கரியமில வாயுவின் கண்ணுக்குக் கரியமில வாயு மட்டும்தான் தெரியும், மற்றக் காற்று எவ்வளவு அழுத்தினாலும் பொருட்படுத்தாது. உருப்படியான வழி குளிரவைப்பது. உறைநிலைக்குப் பக்கத்தில் தண்ணீர் பிடித்துவைக்கும் வாயு, 25 டிகிரியில் பிடிப்பதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். சித்திரை வெயிலில் மேசைமேல் வைத்த கலர் அரைமணியில் சர்க்கரைத் தண்ணீராவதற்கு வேறு சாபம் தேவையில்லை.

குமிழியின் பிறப்பிலும் ஒரு வேடிக்கை உண்டு. நட்டநடுத் தண்ணீரில் குமிழி சும்மா பிறக்காது; பிறந்த நிமிஷமே நீரின் மேற்பரப்பு இழுவிசை அதை நசுக்கிவிடும். ஏற்கெனவே துளிக் காற்று ஒளிந்திருக்கும் பொந்து வேண்டும். டம்ளரைத் துடைத்த துணியின் நூலிழை போதும். பிரான்சின் ரேன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெரார்ட் லிஜே-பெலேர் என்ற இயற்பியலாளர் இதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டு ஷாம்பெயின் கோப்பைகளைப் படம் பிடிக்கிறார். சம்பளத்தோடு. அவர் சொல்கிற சேதி: கோப்பையிலிருந்து வெளியேறும் வாயுவில் பெரும்பங்கு குமிழியாகப் போவதே இல்லை; மேற்பரப்பு வழியாகச் சத்தமில்லாமல் நழுவிவிடுகிறது. எலுமிச்சை சோடாவில் உப்புப் போட்டதும் பொங்கி வழிகிறதே, அது உப்பின் சொரசொரப்பில் ஆயிரம் குமிழிகள் ஒரே நேரத்தில் பிறப்பதால். சிசிலியின் கிழக்குக் கரையில் கத்தானியா ஊர்ப் பெட்டிக்கடைகளிலும் சோடா, எலுமிச்சை, உப்பு என்று அச்சு அசலாக நம் பானத்தையே கலக்குகிறார்கள். பலெர்மோக்காரர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று காலம் காலமாக வெறும் குளிர்ந்த தண்ணீரில் சோம்பு மணக்கும் 'சம்மு'வைச் சில துளிகள் விட்டுக் குடித்தார்கள். தண்ணீர் பால்போல வெளுக்கும். கேஸே இல்லாததால் கேஸ் போன துக்கமும் இல்லை.

மற்றவர்கள் மூடியோடு மல்லுக்கட்டினார்கள். அந்தக் காலத்துத் தக்கை காய்ந்தால் சுருங்கும். சுருங்கினால் வாயு நழுவும். எனவே வில்லியம் ஹாமில்டன் என்பவர் 1809இல் அடிப்பக்கம் கூம்பிய, நிற்கவே நிற்காத பாட்டிலுக்குக் காப்புரிமை வாங்கினார். படுத்தே கிடக்கும், தக்கை எப்போதும் நனைந்தே இருக்கும். மேசைமேல் உருண்டுபோய்த் துரைமார் கால்சட்டையை நனைத்தது அந்தத் தந்திரத்துக்குக் கொடுத்த விலை. 1872இல் ஹிரம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் எதிரியையே காவலாளி ஆக்கினார். கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி, வாயில் ஒரு ரப்பர் வளையம். பாட்டிலைத் தலைகீழாக வைத்து அழுத்தி நிரப்பினால், வெளியே ஓடத் துடிக்கும் வாயுவே கோலியை வளையத்தில் முட்டி அடைத்துக்கொள்கிறது. எவ்வளவு அழுத்தம் இருக்கிறதோ அவ்வளவு இறுக்கம். இப்படியொரு சாமர்த்தியம் எந்த அரசியல் சாசனத்திலும் கிடையாது.

1892இல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் தகர மூடியைக் கொண்டுவந்ததும் உலகம் கோலியைக் கைவிட்டது. நாம் விட்டோமா? கூண்டுக்குள் பாட்டிலை மாட்டிக் கையால் சுற்றும் மெஷினோடு தெருவுக்குத் தெரு சோடாக் கம்பெனி வைத்தோம். விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க் போவன்டோவாக வளர்ந்து கோலா கம்பெனிகளையே சமாளித்தது. மேடையில் தலைவர் தொண்டை வறண்டபோது ஒரு கோலி சோடா உடைக்கப்பட்டது. கூட்டத்தில் கருத்து வேறுபாடு வந்தபோது இன்னும் நிறைய உடைக்கப்பட்டன. வீசுகிறவன் பாட்டிலைக் குலுக்கிவிட்டு வீசுவான். குலுக்கினால் மேலே நிற்கும் வாயு நுண்குமிழிகளாகத் திரவத்துக்குள் சிதறி, உடைந்ததும் அத்தனை பொந்துகளிலிருந்தும் ஒரே சமயத்தில் வெடித்துக் கிளம்பும். பிரெஞ்சு இயற்பியலாளர் கேமரா வைத்துப் பார்த்ததை நம்மூர் சண்டியர் அனுபவத்தில் அறிந்திருந்தார்.

இனி நம் ஆளுக்கு வருவோம். 1768இல் ரோமில் லொரென்ஸா ஃபெலிச்சியானி என்ற அழகியைக் கட்டிக்கொண்டு, கையெழுத்து மோசடி செய்து ஊர் ஊராகத் திரிந்தவன், உறவில் ஒருவரின் பெயரைக் கடன் வாங்கி 'கல்யோஸ்த்ரோ கோமான்' ஆனான். மன்னிக்கவும், ஆனார். பட்டம் வந்தபின் 'அவன்' என்று எழுதினால் சம்பிரதாயமாகாது. 1780இல் ஸ்திராஸ்பூர் நகரில் ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்த்தார், பணக்காரர்கள் தானாக வந்தார்கள். சில துளி அமிர்தம், கொஞ்சம் எகிப்து மந்திரம். ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை 40 நாள் தனியறையில் பத்தியம் இருந்தால் தோலும் பல்லும் முடியும் உதிர்ந்து புதிதாக முளைக்கும் என்றார். நம் சித்தர்கள் கற்பம் உண்ட கணக்கேதான். சித்தர்கள் கட்டணம் கேட்டதில்லை. உங்கள் எஜமானருக்கு 300 வயதாமே என்று ஒருவர் அவர் வேலைக்காரனைக் கேட்க, "தெரியாதுங்க, நான் சேர்ந்து நூறு வருஷம்தான் ஆச்சு" என்றானாம். இதே துணுக்கை செயின்ட் ஜெர்மைன் கோமான் பேரிலும் சொல்கிறார்கள். அமிர்தம் மட்டுமல்ல, நகைச்சுவையும் இரவல்.

கோமானை மேலே நின்று அழுத்திப் பிடித்த பெரிய மனிதர் கர்தினால் ரோஹான். 1785இல் ராணி மரி அந்துவானெத்தின் பெயரைச் சொல்லி நடந்த வைர அட்டிகை மோசடியில் கர்தினால் மாட்டினார், கூடவே இவரும் பாஸ்டீல் சிறைக்குப் போனார். அட்டிகையில் இவருக்குப் பங்கில்லை. வாழ்நாளில் செய்யாத ஒரே மோசடிக்காகத்தான் மாட்டினார். மறு வருஷம் விடுதலை, நாடு கடத்தல். லண்டனில் தெவெனோ த மொராண்ட் என்ற பத்திரிகையாளர் (இவரே பணம் பறிப்பதில் பேர்போனவர்) மூடியைத் திறந்தார்: கோமானாவது கத்தரிக்காயாவது, இது பலெர்மோ பால்சமோ. புஸ். அத்தோடு 'அவர்' மறுபடி அவன் ஆனான். 1789 டிசம்பரில் ரோமில் திருச்சபை விசாரணைக்காரர்களிடம் சிக்கினான். 1791 ஏப்ரலில் மரண தண்டனை, பிறகு ஆயுள் சிறையாகக் குறைப்பு. அதே 1791 ஜூலையில் பர்மிங்காமில் ஒரு கும்பல் பிரீஸ்ட்லியின் வீட்டைக் கொளுத்தியது. பாதிரியார் பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்தது பிடிக்கவில்லை. அவர் கடைசியில் அமெரிக்காவுக்குப் போய்ப் பிழைத்தார். பால்சமோ 1795இல் சான் லேயோ கோட்டைச் சிறையில் செத்தான். நீடித்த ஆயுள் விற்றவனுக்கு வயது 52.

அதற்கு எட்டு வருஷம் முன்பு, 1787 ஏப்ரலில், கெதே பலெர்மோவுக்கு வந்திருந்தார். ஜெர்மனியின் மகாகவி. பால்சமோவின் வம்சாவளியைத் தோண்டி வைத்திருந்த உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்து, அந்தக் குடும்பத்தைப் பார்க்கக் கிளம்பினார். சொந்தப் பெயரைச் சொல்லவில்லை. நான் 'வில்டன்' என்ற ஆங்கிலேயர், உங்கள் மகனிடமிருந்து நலச் செய்தி கொண்டுவந்திருக்கிறேன் என்றார். மோசடிக்காரன் வீட்டுக்குள் மகாகவி பொய்ப்பெயரில் நுழைந்ததை இலக்கிய வரலாறு கண்டுகொள்ளவில்லை. உள்ளே ஏழைக் குடித்தனம். வயதான தாய், மூன்று பிள்ளைகளோடு கைம்பெண்ணாக நிற்கும் தங்கை. ரொசாலியா திருவிழாவுக்கு இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று உபசரித்தார்கள். தங்கை மட்டும் ஒன்று கேட்டாள். அண்ணன் ஊரைவிட்டு ஓடும்போது அடகிலிருந்து பொருளை மீட்டுக் கொடுத்தேன், 14 ஓன்ஸா பாக்கி, கொஞ்சம் ஞாபகப்படுத்துவீர்களா?

அந்தக் கடனைத் தானே தீர்த்துவிடலாமா என்று கெதேவுக்கு அப்போதே தோன்றியது. கையில் காசு போதவில்லை. ஊருக்குத் திரும்பி, நண்பர்களிடம் கதையைச் சொல்லிப் பணம் திரட்டி, ஒரு வியாபாரி மூலம் அனுப்பிவைத்தார். 1788 டிசம்பர் 25 தேதியிட்டு அல்பெர்கேரியாக் குடும்பத்தின் நன்றிக் கடிதம் எழுதப்பட்டது. அன்பு மகனே, விசுவாசமுள்ள சகோதரனே என்று விளித்து, அவன் நலமாயிருப்பதில் பூரித்துப்போய். பணம் கொடுத்தது மகன்தான் என்று அவர்களுக்கு அணுவளவும் சந்தேகமில்லை. கடிதம் கெதேயின் கைக்குத்தான் வந்து சேர்ந்தது. அவர் அதைப் பத்திரப்படுத்தி, 1792இல் பால்சமோவின் வம்சாவளியோடு சேர்த்து அச்சிலேற்றினார். பணம் திரட்டிக் கொடுத்த எழுத்தாளனுக்கு ஒரு கட்டுரையாவது தேற வேண்டாமா?